முனி கையில் இருக்கும் மங்கு

செமிலிங் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டத்து முனியாண்டி சாமிக்கு உடம்பெல்லாம் பீங்கான் சில்லு. ஜப்பான்காரன் ஆண்ட காலத்தில் பால்வெட்டு நின்றுபோக, ரப்பர் பால் பிடிக்கும் பீங்கான் கிண்ணங்களான மங்குகள் காட்டில் உடைந்து கிடந்தன. அவற்றைப் பொறுக்கிப் பதித்துச் செய்த சிலை.

கையில் மட்டும் உடையாத மங்கு ஒன்று. ஒவ்வொரு திருவிழாவுக்கும் அதில் பீர் ஊற்றுவோம்.

இன்று காலை கோயில் தலைவர் புது எவர்சில்வர் டம்ளரும் உளியுமாக வந்தார்.

"மங்கு அசிங்கமா இருக்கு லா. மாத்திடுவோம்."

கோயில் கூட்டிக்கொண்டிருந்த சரோஜா அக்கா துடைப்பத்தோடு குறுக்கே வந்து நின்றார்.

"தொடாதீங்கண்ணே. அது எங்க தாத்தா மங்கு. அவர ஜப்பான்காரங்க சயாமுக்கு ரயில் ரோடு போடப் புடிச்சிட்டுப் போனாங்க. திரும்பி வந்தா வேலைக்கு வேணும்னு, சிலை செஞ்ச அவரு தம்பிதான் முனி கையில குடுத்து வெச்சாரு."

தலைவர் உளியைக் கீழே வைத்தார்.

எனக்குத்தான் ஒரு மாதிரி ஆகிவிட்டது. "ஏங்க்கா, அதுலயா நாங்க பீர் ஊத்தினோம்? சொல்லியிருக்கலாமே?"

"ஊத்துங்க, பரவால்ல. மங்க மட்டும் எடுக்காதீங்க. தாத்தா இன்னும் வந்து வாங்கிக்கல."

தலைவர் டம்ளரைத் தன் வீட்டுக்கே திரும்பக் கொண்டுபோய்விட்டார்.

உங்கள் தோட்டத்து முனி யாருடைய சாமானைக் காத்துக்கொண்டிருக்கிறார்? உளியை எடுப்பதற்கு முன் கோயில் கூட்டுகிறவர்களிடம் கேட்டுவிடுங்கள்.