பந்தை நிறுத்துகிறவர்

என் கணவர் சிவகுருநாதன் பதினெட்டு வருடம் ஹொக்கி விளையாடினார். அத்தனை வருடத்திலும் அவர் அடித்த கோல்கள் நான்கு. போன மாசியில் அவர் இறந்தபோது துக்கம் விசாரிக்க வந்தவர்களில் பாதிப்பேருக்கு அவர் விளையாட்டுக்காரர் என்பதே தெரியாது. துறைமுகத்தில் வேலை செய்தவர், நல்ல மனிதர், கொஞ்சம் வாய்க்காரர் என்று சொன்னார்கள். மூன்றும் சரிதான். அந்த வாயை அவர் தனக்காக அதிகம் செலவழித்ததில்லை என்பதை மட்டும் நான் சேர்த்துக்கொள்வேன்.

துறைமுகத்தில் அவருக்கு வடம் பிடிக்கிற வேலை. கப்பல் துறைமேடையை நெருங்கும்போது மேல்தட்டிலிருந்து ஒரு மெல்லிய கயிற்றை எறிவார்கள். அதன் நுனியில் கனமான முடிச்சு இருக்கும். அதைப் பிடித்து இழுத்தால் பின்னாலேயே தொடை மொத்தத்தில் வடம் வரும். அதைக் கரையிலுள்ள இரும்புக் குற்றியில் மாட்டவேண்டும். வெயிலிலும் மழையிலும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கிற வேலை.

ஹொக்கியிலும் அவருக்கு வாய்த்தது பிடித்து நிறுத்துகிற வேலைதான். பெனல்டி கோனர் என்று ஒன்று உண்டு. கோல் கோட்டிலிருந்து ஒருவர் பந்தைத் தள்ளிவிடுவார். கோலுக்கு முன்னாலுள்ள பெரிய வட்டத்தின் விளிம்பில் ஒருவர் குனிந்து, மட்டையை நிலத்தில் படுக்கப்போட்டுப் பந்தை நிறுத்தி, ஒரு இழுவையில் வட்டத்துக்குள் வைப்பார். மூன்றாமவர் ஓடிவந்து அடிப்பார். எல்லாம் இரண்டு விநாடிக்குள் முடிந்துவிடும். அடித்தவர் பெயர் பேப்பரில் வரும். நிறுத்தியவர் பெயர் வராது. ஒருமுறை ஒரு பத்திரிகையில் வந்த படத்தின் ஓரத்தில் அவருடைய முழங்கை மட்டும் விழுந்திருந்தது. அதைக் கத்தரித்து அலுமாரிக் கதவில் ஒட்டிவைத்தார்.

அவர் நிறுத்த, அடித்தவன் நிப்றாஸ். கிண்ணியாக்காரன், அப்போது இருபத்தாறு வயது. வீடுகளுக்கு டைல்ஸ் பதிக்கிற வேலை செய்துகொண்டு, பின்னேரங்களில் பாலம் கடந்து மோட்டார்சைக்கிளில் பயிற்சிக்கு வருவான். ஒரு வருடம் மாகாண லீக்கில் பத்தொன்பது கோல் அடித்தான். திருகோணமலை முழுக்க அவன் பெயர். பள்ளிப் பிள்ளைகள் அவனைப்போலக் கால்சட்டையின் ஒரு காலை மடித்துவிட்டுக்கொண்டு திரிந்தார்கள்.

அடுத்த வருடம் ஏழு போட்டி முடிந்தபோது அவன் அடித்திருந்தது இரண்டு கோல். பெனல்டி கோனரில் ஒன்றுகூட இல்லை. அடிப்பதற்குள் எதிர் அணிக்காரர் ஓடிவந்து மறித்துவிடுவார்கள், அல்லது பந்து கம்பத்துக்கு வெளியே போகும். இடையில் வந்த மார்கழியில்தான் அவனுக்குக் கலியாணம் நடந்திருந்தது. ஊருக்கு வேறென்ன வேண்டும்?

“மாப்பிள்ளைச் சோறு காலில இறங்கிட்டு” என்றார்கள். “பொண்டாட்டியக் கொண்டுபோய்க் கோலுக்குள்ள நிப்பாட்டுங்க, அப்ப நேரா ஓடுவான்” என்றார்கள். முகநூலில் அவன் பந்தைத் தவறவிடுகிற வீடியோக்களை ஒட்டி, சிரிக்கிற பொம்மைகளோடு போட்டார்கள்.

மைதானத்துக்குப் பக்கத்தில் முஹம்மது தம்பி காக்காவின் தேத்தண்ணிக் கடை. மூத்த முஸ்லிம் ஆட்களை எங்கள் ஊரில் காக்கா என்றுதான் கூப்பிடுவோம். என் கணவர் வேலை முடிந்து அங்கே போய், ஒரு பிளேன்டீயை வைத்துக்கொண்டு, வருகிறவர் போகிறவர் எல்லாரோடும் நிப்றாஸுக்காக வாதாடுவார். வீட்டுக்கு வந்து அதை எனக்கு நடித்தும் காட்டுவார்.

எங்கள் மைதானத்தில் மான்கள் மேயும். கோட்டைப் பக்கமிருந்து காலையில் இறங்கிவந்து புல்லைத் தின்றுவிட்டுப் போகும். அதனால் போட்டிக்கு முன்னர் விளையாட்டுக்காரர் எல்லாரும் வரிசையாகத் தோளோடு தோள் நடந்து, கல்லும் மான் புழுக்கையும் பொறுக்குவது எங்கள் வழக்கம். வெளியூர் அணிகள் பார்த்துச் சிரிக்கும். இவர் தான் குனிகிற இடத்தை மட்டும் வேறு யாரையும் தொடவிடமாட்டார். கையால் தடவித் தடவித் துப்புரவாக்குவார். ஆகவே அவர் கண்டுபிடித்த முதல் நியாயம் மான்.

“புழுக்கையில பட்டுப் பந்து துள்ளுது காக்கா. பெடியன் என்ன செய்வான்?”

“அப்ப மானுக்கு ஒரு சம்மன் அனுப்புவமா சிவம்?” என்று கேட்டாராம் முஹம்மது தம்பி காக்கா. “போன வருசமும் இதே மான்தானே மேஞ்சது? அப்ப மட்டும் புழுக்கை போடாம பொத்திக்கிட்டா இருந்திச்சு?”

கடை முழுக்கச் சிரித்தது. இவர் அடுத்த நாள் வேறு நியாயத்தோடு போனார். பின்னேர வெயில் கண்ணில் அடிக்கிறது. புது மட்டை இன்னும் பழகவில்லை. புல்லை உயர வெட்டியிருக்கிறார்கள். ஒவ்வொன்றையும் மனதார நம்பித்தான் சொன்னார். நிப்றாஸின் கையில் கோளாறு இல்லை என்பது அவருக்கு நிச்சயம். மிச்சத்தைத் தேடிக்கொண்டிருந்தார்.

இறுதிப் போட்டி மட்டக்களப்பு அணியோடு. மாகாண அணிக்கு ஆள் எடுப்பவர்கள் அதைப் பார்க்க வருவதாக இருந்தது. அதற்கு முன்னர் நிப்றாஸை அணியிலிருந்து நிறுத்திவிட வேண்டும் என்று கழகத்துக்குள் பேச்சு எழுந்தது. செயலாளர் பாக்கியரத்தினம், ஓய்வுபெற்ற தபால் அதிபர், ஞாயிற்றுக்கிழமை கூடித் தீர்மானிப்போம் என்று அறிவித்தார். அன்றைக்கு அவன் வெளியே இருந்தால் மாகாண அணி அவனுக்கு இல்லை.

வெள்ளிக்கிழமை பின்னேரம் நான் குசினி வாசலில் இருந்து றால் உடைத்துக்கொண்டிருந்தேன். இவர் பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு, நிப்றாஸைக் கேலி செய்து போட்ட அந்த வீடியோக்களையே ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார். எதிரியின் சாமானிலிருந்தே சாட்சி எடுக்கப்போகிறாராம்.

“இஞ்சரும், இதைப் பாரும். பந்து வாற இடத்தில மண் எழும்புதா?”

றால் கையோடு எட்டிப் பார்த்தேன். எனக்கு ஹொக்கி பெரிதாகத் தெரியாது. எல்லாரும் அடிக்கிறவனைத்தான் பார்ப்பார்கள். நான் என் புருஷனைப் பார்த்தேன்.

“மண் எழும்பேல்ல. உங்கட மட்டையில பட்டுப் பந்து துள்ளுது. நீங்கள் எட்டி இழுக்கிறியள்” என்றேன்.

“எங்க?”

“இந்தா, ஒரு சாண் துள்ளுது.”

அவர் திரும்பப் போட்டார். பிறகு அடுத்ததை. பிறகு முந்தின வருட வீடியோ ஒன்றைத் தேடி எடுத்தார். அதில் பந்து மட்டையில் ஒட்டிக்கொண்டது போல நின்றது. இந்த வருடத்தில் துள்ளியது. துள்ளிய பந்தை எட்டி இழுத்து வைக்கிற அரை விநாடிக்குள் எதிர் அணிக்காரன் வந்துவிடுகிறான்.

இடது கையை நீட்டி மணிக்கட்டை மடக்கிப் பார்த்தார். கார்த்திகை மழையில் ஒரு நாள், நனைந்த கயிற்றைப் பிடித்தபோது கப்பல் பின்னுக்கு இழுத்து, அந்தக் கை முறுகியிருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. நான்தான் எண்ணெய் பூசி ஒத்தடம் கொடுத்தேன். இரண்டு கிழமையில் சுகம் என்றார். நானும் கேட்காமல் விட்டேன், தேங்காய் துருவும்போது அவர் இடக்கையை விட்டு வலக்கைக்கு மாறியதைக் கண்டும்.

மணிக்கட்டு பாதிக்கு மேல் மடங்கவில்லை.

“பந்து வரேக்க கை இளகிக் குடுக்கவேணும்” என்றார். “என்ர கை பலகை மாதிரி நிக்குது.”

“டொக்டரிட்டப் போவம்.”

“அது போகலாம். ஞாயிற்றுக்கிழமை கூட்டமெல்லோ.”

அன்றைக்கு அவர் தேத்தண்ணிக் கடைக்குப் போகவில்லை.

கூட்டம் மைதானத்து ஓர அறையில் நடந்தது. நான் வெளியே வேலியோரம் மோட்டார்சைக்கிளோடு நின்றேன். யன்னல் திறந்திருந்தபடியால் எல்லாம் கேட்டது. இவர் எழுந்து சொன்னார்.

“பிழை நிப்றாஸில இல்லை. என்னில. என்ர கைக்குப் பந்து நிப்பாட்ட ஏலாது.”

 யாரோ சிரித்துவிட்டார்கள்.

“சிவம்” என்றார் பாக்கியரத்தினம். “முதல்ல மான் எண்டீர். பிறகு வெயில். போன கிழமை புல்லு. இப்ப உம்மட கை. வாற கிழமை முருங்கை மரத்தையும் கொண்டு வருவீர்போல.”

“அண்ணை, சத்தியமாச் சொல்லுறன்.”

“உம்மில பாசம் இருக்கு, விளங்குது. அதுக்காகப் பொய்யைக் கேட்டுக்கொண்டு இருக்க ஏலாது.”

சீசன் முழுக்கச் சொன்ன நியாயங்களெல்லாம் அன்றைக்கு அவருடைய உண்மைக்குக் குறுக்கே நின்றன. கடைசியில், வந்து பாருங்கோ என்று எல்லாரையும் மைதானத்துக்கு இறக்கினார். பயிற்சிக்கு வந்த நிப்றாஸும் ஹஸ்மியும் அங்கே நின்றார்கள். ஹஸ்மி மாற்று ஆட்டக்காரன், இருபத்திரண்டு வயது. அவனைப் பந்து தள்ளச் சொல்லி இவர் குனிந்தார். பத்துப் பந்தில் ஆறு துள்ளியது.

“வேணுமெண்டு விடுறீர்” என்றார் பாக்கியரத்தினம்.

“வேணுமெண்டு விடுறதெண்டால் பத்தையும் விட்டிருப்பனே அண்ணை!”

எனக்கு அந்த இடத்தில் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. தன்னால் முடியும் என்று நிரூபிக்க ஆட்கள் படுகிற பாட்டைப் பார்த்திருக்கிறேன். இந்த மனுஷன், முடியாது என்பதை நம்பவைக்க வேர்த்துப்போய் நிற்கிறார்.

பிறகுதான் அவருக்கு வழி தோன்றியது. தன் மட்டையை ஹஸ்மியிடம் நீட்டினார்.

“நீ குனி.”

“அண்ணன் நிக்கக்குள்ள நான் எப்படி அண்ணன்…”

“குனியடா எண்டுறன்!”

வேறொரு பெடியன் பந்தைத் தள்ளினான். ஹஸ்மி நிறுத்தினான். நிப்றாஸ் ஒருவரையும் பார்க்காமல் ஓடிவந்து அடித்தான். கோலின் அடிப்பலகையில் பந்து மோதிய சத்தத்துக்கு, தூரத்தில் மேய்ந்த மான்கள் தலை நிமிர்ந்தன. ஐந்து பந்தில் நான்கு உள்ளே போனது.

பாக்கியரத்தினம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “சரி. நிப்றாஸ் விளையாடட்டும்” என்றார். பிறகு இவருடைய தோளில் கை வைத்து, “அப்ப நீர்?” என்று கேட்டார்.

“நான் வெளியில.”

இறுதிப் போட்டியில் இவர் மைதானத்து ஓரத்தில் வாங்குப் பலகையில் இருந்தார். முதல் பெனல்டி கோனரில் ஹஸ்மி சரியாக நிறுத்தினான். நிப்றாஸ் அடித்தது கோல் காப்பாளரின் காலில் பட்டு வெளியே போனது. “மாப்பிள்ளை!” என்று பின்னாலிருந்து ஊளையிட்டார்கள். இவர் திரும்பி, “வந்து அடியுங்கோவன்ரா பார்ப்பம்!” என்று கத்தினார். நடுவர் எச்சரித்தார். மூன்றாவதில் கோல் விழுந்தது. போட்டியை நாங்கள் ஒன்றுக்கு இரண்டு என்று தோற்றோம். அடுத்த மாதம் மாகாண அணிப் பட்டியலில் நிப்றாஸ் பெயர் இருந்தது.

அந்தப் பட்டியல் வந்த அன்று நிப்றாஸ் மனைவி நப்லாவோடு எங்கள் வீட்டுக்கு வந்தான். இனிப்புக்குத் தொதல் கொண்டு வந்திருந்தார்கள். கதை போகிற போக்கில் நப்லாதான் சொன்னாள்: “இவருக்கு எப்பவோ தெரியும் அண்ணன். வீட்ட வந்து என்னட்டச் சொன்னவரு, அண்ணன்ட கைக்கு என்னவோ நடந்திரிக்கி எண்டு.”

நிப்றாஸ் அவளை முறைத்தான். இவர் தொதலைக் கீழே வைத்தார்.

“எப்ப தெரியும்?”

“மூணாவது மேட்ச்சில.”

“மூண்டாவதிலயா? ஏன்ரா சொல்லேல்ல?”

“சொன்னா உங்கள எடுத்திருவாங்க. எனக்கு அடுத்த வருசமும் இரிக்கி. உங்களுக்கு…” அவன் நிறுத்திக்கொண்டான். “ஏசுறாங்க, ஏசட்டும் எண்டு விட்டுட்டன்.”

“அப்ப நான் கடையில நிண்டு தொண்டை கிழியக் கத்தினதெல்லாம்?”

“கேள்விப்பட்டன். மான் கதை நல்லா இருந்திச்சு.”

நான் சிரித்தேன். இவர் சிரிக்கவில்லை. அவர் நிப்றாஸை ஏசியதை முதலும் கடைசியுமாக அன்றுதான் கேட்டேன்.

“ஒரு சீசனைக் கொண்டுபோய்க் கடலில போட்டிட்டியே! என்னைப் பார்த்து ஒரு சொல், ஒரே ஒரு சொல் சொல்லியிருந்தா, அண்டைக்கே மட்டையை ஹஸ்மியிட்டக் குடுத்திருப்பன். நீ என்ன, எனக்குப் பிச்சை போட்டியா?”

 நான் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தேன். ஒருவரும் குடிக்கவில்லை. போகும்போது நப்லா என் கையைப் பிடித்து, “நான் வாயத் திறந்திருக்கக்கூடா” என்றாள்.

மூன்று கிழமை இருவருக்கும் கதை இல்லை. நிப்றாஸ் அழைத்தால் இவர் போனை எடுக்கமாட்டார். ரோட்டில் கண்டால் மோட்டார்சைக்கிளைத் திருப்பிவிடுவார். அந்த நாட்களில் மாகாண அணியின் முதல் போட்டி நடந்தது. நிப்றாஸ் கோல் அடிக்கவில்லை. மறுநாள் தேத்தண்ணிக் கடையில் முஹம்மது தம்பி காக்கா இவரைக் கண்டதும், “என்ன சிவம், உங்கட ஆள் அங்கயும் போய் மான் புழுக்கையிலயா சறுக்கினவர்?” என்று கேட்டாராம்.

இவர் பிளேன்டீயைக் கீழே வைத்துவிட்டு எழும்பினாராம்.

“அவனோட எனக்குக் கதை பேச்சில்லை, காக்கா. ஆனால் அவனைப்பற்றி நீங்கள் ஒரு சொல் சொல்லக்கூடாது.”