ராஸ்கோவிடம் அதிகம் வாங்கியவர்

அமெரிக்காவின் வெஸ்ட் ஹால்ஃபோர்டில் யாரைக் கேட்டாலும் ராஸ்கோ விட்ஃபீல்ட் தனக்கு நெருங்கிய பழக்கம் என்றுதான் சொல்வார்கள். மிடில்வெயிட் குத்துச்சண்டையில் உலகப் பட்டத்தை வருஷக்கணக்கில் யாருக்கும் விட்டுக்கொடுக்காத மனிதர் பிறந்த ஊர் அல்லவா! ஷூ தொழிற்சாலைகளெல்லாம் மூடிய பிறகு பெருமை பேச ஊருக்கு வேறு என்னதான் இருந்தது? பள்ளிக்கூடத்தில் அவரை ஒரே குத்தில் சாய்த்தேன் என்று சொல்பவர்களே ஒரு பஸ் நிறைய இருப்பார்கள். எந்த வகுப்பில் என்று கேட்டால், மழை வரும்போல இருக்கிறதே என்பார்கள்.

லிண்டோ மொண்டேரோ அப்படிப் புளுகுகிற ஆள் இல்லை. அவர் ராஸ்கோவை ஒருநாளும் சாய்த்ததில்லை. சாய்வதுதான் அவருக்குத் தொழில்.

பயிற்சிக் கூடத்தில் ராஸ்கோவுக்கு எதிரே நின்று அடி வாங்குவதற்கென்றே சம்பளத்துக்கு வைத்திருந்த ஆள் அவர். சும்மா வாங்கினால் போதாது. அடுத்த சண்டைக்கு எந்த எதிராளி வருகிறானோ, அவனாகவே மாறி நின்று வாங்க வேண்டும். பயிற்சியாளர் அந்த எதிராளியின் பழைய சண்டைகளைச் சுவரில் படமாக ஓட்டுவார். லிண்டோ வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பார். இரண்டு மூன்று நாளில் அந்த நடை, அந்தக் குனிவு, மூக்குறிஞ்சுகிற பழக்கம் வரைக்கும் அவர் உடம்பில் ஏறிவிடும். அதற்குப் பிறகு ராஸ்கோவின் அடி விழும். மத்தளத்துக்காவது இரண்டு பக்கம்தான் இடி. லிண்டோவுக்கு எல்லாப் பக்கமும்.

ஏறிய ஆள் சாயங்காலம் வீட்டுக்கும் கூடவே வந்துவிடுவான், அதுதான் தொல்லை. இங்கிலாந்துக்காரன் காலின் ராத்போன் இடக்கை ஆட்டக்காரன் என்பதால் லிண்டோ மாசக்கணக்கில் இடது கையால் சாப்பிட்டு, பீன்ஸ் சோற்றையெல்லாம் சட்டையில் கொட்டிக்கொண்டார். டெட்ராய்ட்காரன் லாமார் பீட்டி உடம்பில் ஏறியிருக்கும்போது, குழாயடியில் பாத்திரம் கழுவும்போதுகூடக் கால் ஒரு இடத்தில் நிற்காது.

"இன்னிக்கு நான் எவனுக்குப் பொண்டாட்டி?" என்று கேட்டுவிட்டுத்தான் அவர் மனைவி ஃபிலொமேனா கதவையே திறப்பாள். "அந்த ஃபிலடெல்ஃபியா டிரம்மண்டா இருந்தா அப்படியே திரும்பிப் போகச் சொல்லு. அவன் மூக்கை உறிஞ்சற சத்தத்துல பக்கத்து வீட்டுக் குழந்தை எந்திரிச்சிடுது."

லிண்டோவும் ஒரு தடவை சொந்தமாகச் சண்டை போட ஆசைப்பட்டார். பிராவிடென்ஸ் நகரில் ஒரு மேடை கிடைத்தது. மணி அடித்ததும், பழக்க தோஷம், ராத்போனாக இடக்கையை நீட்டிக்கொண்டு நின்றார். அடி விழுந்ததும் சுதாரித்துக்கொண்டு ஃபிலடெல்ஃபியா எர்ல் டிரம்மண்டாகக் குனிந்தார். அடுத்த சுற்றில் லாமார் பீட்டியாக ஆட ஆரம்பித்தார். நடுவர் பொறுக்க மாட்டாமல் காதோரமாக, "யோவ், உள்ள எத்தனை பேருய்யா இருக்கீங்க?" என்று கேட்டார். எதிராளி சிரித்துக்கொண்டே அடித்து முடித்தான். தானாக நின்று ஆட லிண்டோவிடம் ஒரு 'தான்' மிச்சமே இல்லை. அதற்குப் பிறகு மேடைப் பக்கம் போகவில்லை. ஊர் பஸ் ஓட்டினார், காலையில் ராஸ்கோவிடம் வாங்கினார், நிம்மதியாக இருந்தார்.

ராஸ்கோ ஓய்வு பெற்ற பிறகு, வருஷத்துக்கொரு முறை ஊர்ச் சங்கம் விருந்து வைக்கும். அவரிடம் தோற்ற டிரம்மண்ட், ராத்போன், பீட்டி மூவரும் எங்கிருந்தாலும் வந்துவிடுவார்கள். அவர்களுக்கு மேடையில் மேசை. லிண்டோவுக்குச் சமையலறைக் கதவோரம். அது யாருக்கும் உறுத்தவில்லை, லிண்டோவுக்குக்கூட. ஏனென்றால் ராஸ்கோ மேடையில் பேருக்கு உட்கார்ந்துவிட்டு, கதவோர மேசைக்கே வந்து, பாதி ராத்திரி வரை ஃபிலொமேனாவின் தட்டிலிருந்து எடுத்துச் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்.

போன குளிர்காலத்தில் ராஸ்கோ போய்விட்டார். அவர் இல்லாத முதல் விருந்துக்கு லிண்டோ மிடுக்கான ஒரு கோட்டு மாட்டிக்கொண்டு போய், சங்கச் செயலாளர் டொனால்ட் ஸ்வீனியிடம் நேராகக் கேட்டார். "டொனால்ட், இந்த வருஷம் நான் மேல உக்காரட்டுமா?"

ஸ்வீனி பதறிப்போனார். "லிண்டோ, மேல உக்காரணும்னா அவரோட சண்டை போட்டிருக்கணும்ப்பா."

"நான் என்ன அவரோட சீட்டா ஆடினேன்?"

"டிக்கெட் வித்த சண்டை. நடுவர் இருக்கணும். நீ வாங்கினது பயிற்சி."

"அந்த மூணு பேரும் மொத்தமா வாங்கினதை நான் ஒரே மாசத்துல வாங்கியிருக்கேன்!"

"சட்டம்னு ஒண்ணு இருக்குல்ல," என்று ஸ்வீனி நழுவிவிட்டார்.

லிண்டோ கதவோரம் வந்து உட்கார்ந்தார். தட்டைத் தொடவில்லை. எதிரே காலி நாற்காலி. ராஸ்கோவோடு தன்னுடைய வாழ்க்கையும் சேர்ந்து போய்விட்டது, அப்படியொன்று நடந்ததற்கு இனி சாட்சியே இல்லை என்று அவருக்குத் தோன்றியது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "கோட்டுல சிந்தாம அழு, வாடகைக் கோட்டு," என்றாள் ஃபிலொமேனா. ஆனால் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மேடையில் அதற்குள் வழக்கமான தகராறு தொடங்கியிருந்தது.

"அன்னிக்கு நான்தான் ஜெயிச்சேன். நடுவருக்குத்தான் கண்ணு தெரியல," என்றார் டிரம்மண்ட்.

"கண்ணு தெரியாதது உனக்கு. ரெண்டு கண்ணும் வீங்கியில்ல கிடந்துச்சு," என்றார் பீட்டி.

"டேய், என் இடது கை கொக்கிக் குத்து எப்படி இறங்கும் தெரியுமா? பாரு!" டிரம்மண்ட் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து ஒரு குத்து விட்டார். ரொட்டிக்கு வெண்ணெய் தடவுவதுபோல் இருந்தது.

கதவோரத்திலிருந்து ஒரு சத்தம். "அது இல்ல! அது நீ இல்லவே இல்ல!"

லிண்டோதான். தன்னை மறந்து எழுந்து, ஸ்வீனியைத் தள்ளிக்கொண்டு மேடையில் ஏறிவிட்டார். "வலது கால் இன்னும் பின்னால போகணும், எர்ல். முகவாய் நெஞ்சுல. இப்ப இடது தோள் ஒரு நூல் இறங்கும். ஒரு உறிஞ்சல். அப்புறம்தான் குத்து." காற்றில் இறங்கியது கொக்கி. வாடகைக் கோட்டின் கக்கம் கிழிந்தது. ஒரு கணம் அங்கே இளவயது டிரம்மண்ட் நின்றுகொண்டிருந்தார்.

கிழ டிரம்மண்டின் முகம் கறுத்தது. "தோள் இறங்குமா? குத்தறதுக்கு முன்னாடியா?"

"ஒவ்வொரு தடவையும்."

"அதை அவன்கிட்ட காட்டிக் குடுத்தது..."

"நான்தான். அதுதானே என் வேலை."

"முப்பது வருஷமா நான் தூங்காம கிடந்திருக்கேன்டா பாவி! அவனுக்கு எப்படித் தெரிஞ்சுச்சு, அவனுக்கு எப்படித் தெரிஞ்சுச்சுன்னு!" டிரம்மண்ட் முஷ்டியை மடக்கினார். ஸ்வீனி கண்ணை மூடிக்கொண்டார். முஷ்டி மெல்லத் தளர்ந்தது. டிரம்மண்ட் வயிறு குலுங்கச் சிரித்தார். "அப்ப என்னைத் தோக்கடிச்சது அவன் மட்டும் இல்ல!"

பிறகு கேட்க வேண்டுமா? "என்னைப் போட்டுக் காட்டு," என்றார் ராத்போன். போட்டார். "என்னை, என்னை," என்று பீட்டி சின்னப்பிள்ளைபோல் கையைத் தூக்கினார். அவரையும் போட்டார், கால் நோக நோக. கூடம் கைதட்டிச் சிரித்து ஓய்ந்தது.

"இப்ப ராஸ்கோவைப் போடு," என்றார் டிரம்மண்ட்.

லிண்டோ நின்றார். கையைத் தூக்கினார், இறக்கினார். ஒன்றும் வரவில்லை. "எனக்குத் தெரியாது," என்றார். "நான் ஒருநாளும் அவரா நின்னதில்ல. எதிர்லதான் நின்னிருக்கேன்."

"அப்ப எதிர்ல நில்லு."

லிண்டோ எதிரே நின்றார். ராத்போனாகவோ பீட்டியாகவோ இல்லை, கிழிந்த கோட்டில் வெறும் லிண்டோவாக. கண் ஒரு இடத்தில் நிலைத்தது. தலை சட்டென்று இடப்பக்கம் ஒதுங்கியது. முழங்கை விலாவோடு ஒட்டியது. ஒரு அடி பின்வாங்கினார், மூச்சைப் பிடித்தார், மறுபடி ஒதுங்கினார். யாருமே இல்லாத அந்த இடத்திலிருந்து குத்துகள் வந்துகொண்டே இருந்தன. எவ்வளவு வேகம், எவ்வளவு நெருக்கம், எல்லாம் தெரிந்தது. ராத்போன் தன்னையறியாமல் தலையைக் குனிந்தார். பீட்டியின் கை முகத்துக்கு முன்னால் எழுந்தது. அவர்களுக்கும் அந்தக் குத்துகள் தெரிந்தவைதாமே. கூடத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. லிண்டோ நிற்காமல் ஒதுங்கிக்கொண்டிருந்தார், கன்னமெல்லாம் கண்ணீர்.

டிரம்மண்ட் தன் நாற்காலியையே இழுத்து அவருக்குப் பின்னால் போட்டார்.

"உக்காருடா," என்றார். "நின்னுட்டே இருந்தா அவன் இன்னொண்ணு விடுவான்."