திங்கட்கிழமை வண்டிகளின் பட்டியல்

மெயின்பிரேம் வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு திமிர் உண்டு. எங்கள் கணினி நிற்காது. ஒரே பெரிய இயந்திரத்துக்குள் நூற்றுக்கணக்கான சர்வர்கள் தனித்தனிக் கணினிகளைப் போல ஓடிக்கொண்டிருக்கும். நான் பார்த்துக்கொண்டதில் ஒன்று மூன்று வருடமாக ஒருமுறைகூட அணைக்கப்படவில்லை. வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் இதைச் சொல்லிப் பீற்றிக்கொள்வேன்.

புது மென்பொருள் ஏற்றுவதற்காக அதை ஒரு ஞாயிற்றுக்கிழமை அணைத்துத் திரும்ப எழுப்ப வேண்டி வந்தது. லண்டன் நோர்பரியில் எங்கள் வீட்டுப் பின்னறைதான் என் ஆபீஸ். ஒரு மணி நேர வேலை என்று கணவரிடம் சொல்லிவிட்டு, மதியம் ஒரு மணிக்கு உட்கார்ந்தேன்.

சர்வர் எழவில்லை. பாதி எழுந்தது, ஒன்றரை நிமிடம் எதற்கோ காத்திருந்தது, பிறகு எனக்குத் தேவையானது கிடைக்கவில்லை, நீயே வந்து பார் என்பது மாதிரி ஒரு கறுப்புத் திரையைக் காட்டி நின்றுவிட்டது. அதன் தகவல்கள் ஆறு டிஸ்க்குகளில் இருக்க வேண்டும். எண்ணிப் பார்த்தேன், நான்குதான் இருந்தன. ஆறையும் சேர்த்தால்தான் ஒரு முழுக் கோப்பு. இரண்டு இல்லையென்றால் மீதி நான்கும் வெறும் இரும்பு.

அந்தச் சர்வரில் இருந்தது சாதாரண விஷயமில்லை. தென் லண்டனில் நோயாளிகளை வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகும் வண்டிகளின் பட்டியல் அதில்தான் தயாராகிறது. திங்கட்கிழமைக்கான பட்டியல் ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு ஓட்டுநர்களுக்குப் போயாக வேண்டும். திங்கள் காலை வண்டிகளில் போகிறவர்கள் பெரும்பாலும் டயாலிசிஸ் நோயாளிகள். அவர்களில் என் கணவரும் ஒருவர். வெள்ளிக்குப் பிறகு அவர்களுக்குத் திங்கள்தான். நடுவில் இரண்டு நாள் குடித்த தண்ணீரெல்லாம் உடம்பிலேயே தங்கும். ஞாயிறு சாயங்காலம் அவர் கணுக்காலை அழுத்தினால் விரல் பதிந்த குழி அப்படியே இருக்கும். திங்கள் தவறினால் என்ன ஆகும் என்று டாக்டர் எங்களுக்கு ஒருமுறைதான் சொன்னார், அதுவே போதுமானதாக இருந்தது.

என் கணவரை நானே காரில் கொண்டுபோய் விட்டுவிடுவேன். கார் இல்லாதவர்கள், மாடிப்படியில் இரண்டு பேர் தூக்கி இறக்க வேண்டியவர்கள், தனியாக இருப்பவர்கள் என்ன செய்வார்கள்? பேக்கப்பிலிருந்து எல்லாவற்றையும் திரும்பக் கொண்டுவரத் திங்கள் மதியம் ஆகிவிடும்.

டிஸ்க்கைக் காணோம் என்றால் எங்கள் தொழிலில் முதலில் செய்வது டிஸ்க் பிரிவைத் திட்டுவது. நானும் அதைத்தான் செய்தேன். அந்தப் பிரிவில் அன்று வேலையில் இருந்தவர் மோர்டனில் இருக்கும் ஒரு யாழ்ப்பாணத்து அண்ணன். பல வருடப் பழக்கம். அவருக்குப் போன் போட்டேன்.

“அண்ணே, உங்க ஆளுங்க ரெண்டு டிஸ்க்கைக் கழட்டிட்டாங்க. யாருன்னு கேளுங்க!”

“ஒருத்தரும் கழட்டேல்லை, தங்கச்சி. ஆறும் இஞ்சை இருக்கு. உங்கட சர்வருக்கு ஆறையும் குடுத்துத்தான் இருக்கு. நான் பாத்துக்கொண்டுதான் இருக்கிறன்.”

“இருந்தா எனக்கு ஏன் தெரியல? ஒழுங்கா பாருங்கண்ணே.”

அவர் ஒழுங்காகப் பார்த்தார். கேபிளைப் பார்த்தார், இணைப்புப் பாதையைப் பார்த்தார், ஒவ்வொரு டிஸ்க்கின் எண்ணையும் எனக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டினார். நான் நம்பவில்லை. அவருடைய மேலாளரிடம் போவேன் என்றுகூடச் சொன்னேன். மூன்றரை மணி வரை இப்படி அவர் உயிரை எடுத்தேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அந்த இரண்டரை மணி நேரத்தில் என் பக்கத்தை நான் ஒரு தடவைகூடச் சரியாகப் பார்க்கவில்லை.

மூன்றேமுக்காலுக்கு முன்னறையில் கணவரின் போன் அடித்தது. பேசிவிட்டு வந்து கதவருகில் நின்றார்.

“நாளைக்கு வண்டி வராம போகலாமாம். கம்ப்யூட்டர்ல ஏதோ கோளாறாம். முடிஞ்சவங்க வேற ஏற்பாடு பண்ணிக்கச் சொல்றாங்க” என்றவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு, “உன்னுதா?” என்றார்.

“ஆமா” என்றேன். எனக்கு அழுகை வந்தது. அழ நேரமில்லை என்று கோபமும் வந்தது. வண்டி அலுவலகத்தில் யாரோ உட்கார்ந்து, பழைய தாளைப் பார்த்து, வரிசையாக ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

இணைப்பிலேயே இருந்த அண்ணன் இதையெல்லாம் கேட்டிருக்க வேண்டும். குரலைத் தாழ்த்திக்கொண்டு, “தங்கச்சி, குறை நினையாதேங்கோ. உங்கட சர்வர் எழும்பேக்க எந்தெந்த எண்ணைப் பாக்கோணும் எண்டு ஒரு பட்டியல் இருக்குமெல்லோ. அதிலை இந்த ரெண்டு எண்ணும் இருக்கோ எண்டு ஒருக்காப் பாருங்கோ” என்றார்.

மெயின்பிரேமில் அப்படி ஒரு வழக்கம் உண்டு. அதில் ஆயிரக்கணக்கான சாதனங்கள் தொங்கிக்கொண்டிருக்கும். எல்லாவற்றையும் பார்க்கப் போனால் சர்வர் எழவே முடியாது. அதனால், பட்டியலில் உள்ள எண்களை மட்டும் பார், மற்றவை கண்ணெதிரே நின்றாலும் கண்டுகொள்ளாதே என்று சொல்லி வைத்திருப்போம். ஓடிக்கொண்டிருக்கும் சர்வரில் புது டிஸ்க் சேர்த்தால் அது உடனே வேலை செய்யும். ஆனால் அதன் எண்ணை இந்தப் பட்டியலிலும் எழுத வேண்டும். எழுதாவிட்டால் அடுத்த முறை எழும்போது சர்வருக்கு அந்த டிஸ்க் யாரென்றே தெரியாது.

அந்த எண் பட்டியலைத் திறந்தேன். நான்கு எண்கள்தான் இருந்தன. விட்டுப்போன இரண்டு டிஸ்க்குகளையும் சேர்த்தது யார் என்று பழைய பதிவுகளைத் தேடினேன். ஒன்றரை வருடத்துக்கு முந்தைய ஒரு வியாழக்கிழமை, என் பெயர். இடம் நிறைந்துவிட்டது என்று அவசரமாகச் சேர்த்திருக்கிறேன். வேலை முடிந்தது என்று நானே எழுதி மூடியுமிருக்கிறேன். பட்டியலில் எழுதுவதை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருப்பேன். நிற்காத கணினிதானே, என்ன அவசரம்? வேறு கணினியில் வேலை செய்பவன் இந்தத் தவறைச் செய்திருந்தால் ஒரு வாரத்தில் மாட்டியிருப்பான். எங்களுக்கு மட்டும்தான் ஒன்றரை வருடம் இது மறைந்து கிடக்கும்.

“அண்ணே, நான்தான்” என்றேன். “மன்னிச்சிருங்க.”

“அதைப் பிறகு பாப்பம். இப்ப எண்ணைப் போடுங்கோ.”

அவசரத்தில் ஓர் எண்ணை இரண்டு தடவை தப்பாக அடித்தேன். பிறகு அவர் ஒவ்வொரு இலக்கமாகச் சொல்ல, நான் திருப்பிச் சொல்லிவிட்டு அடித்தேன். இரண்டு டிஸ்க்குகளும் வந்தன. ஆறும் சேர்ந்தன. நாலரைக்கு வண்டிப் பட்டியல் திறந்தது, பத்து நிமிடத்தில் ஓட்டுநர்களுக்குப் போனது. வண்டி அலுவலகத்தில் மறுபடியும் எல்லாருக்கும் போன் போட ஆரம்பித்தார்கள்.

அப்போதைக்குக் கையால் அடித்திருந்த இரண்டு எண்களையும், சர்வர் எழும்போது பார்க்கும் பட்டியலிலும் எழுதினேன். வண்டிப் பட்டியல் ஓட்டுநர்களுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டதால் சர்வரை இரண்டு தடவை அணைத்து எழுப்பிப் பார்த்தேன். இரண்டு தடவையும் ஆறு. அதன் பிறகு என் மேலாளரை அழைத்து, டிஸ்க் பிரிவின் தவறு இல்லை, என் தவறு என்றேன். எழுதி அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று அன்றிரவு கணவரிடம் சொன்னதும் நான்தான்.

மறுநாள் காலை ஆறேகாலுக்கு வண்டி வந்தது. எங்களுக்கு முன்பே தோர்ண்டன் ஹீத்தில் ஏறிய ஓர் அம்மா உள்ளே இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், தனியாக இருப்பவர். திங்கள், புதன், வெள்ளி என் கணவரோடு போகிறவர். உதடு காய்ந்து வெடித்திருந்தது. எனக்கு என்னவோபோல் இருந்தது.

“என்னம்மா, உடம்பு சரியில்லையா?” என்று கேட்டேன்.

“நேற்று வண்டி வராதெண்டு போன் வந்தது, பிள்ளை. பிறகு வருமெண்டும் எடுத்தவை. ஆரை நம்புறது? வராட்டி தண்ணி ஏறிச் செத்துப்போவன் எண்டு, அந்த முதல் போனுக்குப் பிறகு நான் ஒரு சொட்டும் குடிக்கேல்லை.”

கணவர் ஏறி உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டுக்கொண்டிருந்தார். நான் வண்டியின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“அந்தக் கம்ப்யூட்டரைப் பாத்துக்கிறது நான்தாம்மா. என் தப்புதான்.”

திட்டுவார் என்று நினைத்தேன், திட்டியிருக்கலாம்.

“அப்ப புதன்கிழமை வண்டி வருமோ?” என்று கேட்டார்.

“வரும்மா” என்றேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை.