ஸ்டூடியோ அக்காவின் ஃபோல்டர்

வேலை கிடைக்காமல் இருந்த அந்த ஒரு வருடத்தில் நான் எழுதிய உருப்படியான புரோகிராம் ஒன்றே ஒன்றுதான். கடத்தூரில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்த அக்காவுக்காக எழுதியது. கல்யாணம், காதுகுத்து என்று பத்துப் பன்னிரண்டு ஹார்ட் டிஸ்க்குகளில் படங்கள் சிதறிக் கிடந்தன. யாராவது பழைய படம் கேட்டு வந்தால் பாதி நாள் தேடுவார். என் புரோகிராம் அத்தனை டிஸ்க்கையும் ஊர்வாரியாகப் பிரித்து ஒரே ஃபோல்டராகக் காட்டும். உண்மையில் அப்படியொரு ஃபோல்டர் எங்கும் கிடையாது. கம்ப்யூட்டர் கேட்கும்போதெல்லாம் இருப்பதுபோலப் பதில் சொல்லும், அவ்வளவுதான். அதற்கு, யாரோ எழுதி இணையத்தில் இலவசமாக வைத்திருந்த ஒரு புரோகிராம் தொகுப்பு, லைப்ரரி என்பார்கள், உதவியது.

ஊர்களை அகர வரிசையில் அடுக்கியிருந்தேன். அக்கா ஒப்புக்கொள்ளவில்லை.

"பஸ்ஸு நிக்கிற வரிசைல போடுங்க தம்பி. அப்பதான் எனக்கு ஞாபகம் வரும்."

கேமராப் பையோடு டவுன் பஸ்ஸில் போய்ப் போய்ப் பழகிய வரிசை. ஊர்ப் பெயருக்கு முன்னால் எண் போட்டுக் கொடுத்தேன்.

பிறகு பெங்களூரில் வேலை கிடைத்தது. இப்போது பாப்பிரெட்டிப்பட்டியில் வீட்டிலிருந்தே அந்த வேலையைப் பார்க்கிறேன். போன மாதம் அக்கா போன் செய்தார்.

"புது கம்ப்யூட்டர் வாங்கினேனுங்க தம்பி. டிஸ்க்கெல்லாம் இருக்குது. ஊருங்களத்தான் காணோம்."

ஞாயிற்றுக்கிழமை காலை வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். புதிய கம்ப்யூட்டரில் லைப்ரரியின் புதிய பதிப்பு இருந்தது. என் பழைய புரோகிராமை அது ஏற்கவில்லை. படத்தின் பெயரை மாற்றும்போது முன்பு இரண்டு விவரம் தந்த லைப்ரரி இப்போது மூன்று தந்தது. ஒவ்வொரு பிழையாகத் திருத்தும்போது, அந்த வருடம் புரோகிராமின் நடுநடுவே நான் எழுதி வைத்த குறிப்புகள் கண்ணில் பட்டன. 'ஒகேனக்கல் படத்துக்குத் தனி ஃபோல்டர் வேணுமாம்.' 'கரண்ட் போச்சு. அக்கா டீ சொல்லியிருக்காங்க.' நாள் முழுக்க ஒரே ஒரு வரியோடு மல்லாடிவிட்டு, அதுவே பெரிய வேலை என்று சந்தோஷமாக வீட்டுக்குப் போன பையன் எழுதியவை அவை.

மதியத்துக்குள் எல்லாப் பிழையும் தீர்ந்தது. நகலெடுத்த டிஸ்க்கில் ஓட்டிப் பார்த்தேன். ஒரு படத்தின் பெயரை மாற்றினேன்; அந்தப் புதுப் பெயரில் ஏற்கெனவே இருந்த படத்தின் மணப்பெண் மறைந்து, அந்த இடத்தில் வேறொரு பெண் நின்றாள். லைப்ரரியின் விளக்கக் குறிப்பைத் திறந்து பார்த்தேன். 'இருப்பதை அழிக்காதே' என்ற உத்தரவு அந்தப் புதிய மூன்றாவது விவரத்தில்தான் வருகிறது. நான் அதை வாங்கிக்கொண்டு படிக்காமல் விட்டிருந்தேன். படித்து, பெயர் ஏற்கெனவே இருந்தால் மறுக்கும்படி எழுதினேன். அக்காவின் பழைய கம்ப்யூட்டரிலும் ஓடட்டும் என்று, லைப்ரரியின் இரண்டு பதிப்புக்கும் பொருந்தும்படி செய்தேன்.

அதன் பிறகே அக்காவைக் கூப்பிட்டேன். ஊர்கள் வரிசையாக வந்து நின்றன.

"அட, வந்துருச்சுங்க!" என்றவர், கடத்தூரைத் திறந்து ஒரு படத்தைக் காட்டினார். பழைய கம்ப்யூட்டர் முன்னால் ஒல்லியாக ஒருவன், கன்னத்தில் கை வைத்துக்கொண்டு.

"நீங்கதான் தம்பி. உங்களுக்குத் தெரியாம எடுத்தது."

அந்தப் படத்தின் பிரதி ஒன்று கேட்டேன். அங்கேயே பிரிண்ட் போட்டுக் கொடுத்தார்.