நிதானமாகப் பாடிய வாக்மேன்

காதில் வைத்த ஹெட்போனின் கறுப்புப் பஞ்சு வேர்வையில் ஊறி, கழற்றும்போது காதுமடலில் பொடிப்பொடியாக ஒட்டிக்கொள்ளும் அந்தக் கசகசப்பையும், பாட்டு தொடங்குவதற்கு முன் வெறும் நாடா ஓடும் அந்த 'ஸ்ஸ்' என்ற இரைச்சலையும் அறியாதவர்களோடு நான் சங்கீதம் பேசுவதே இல்லை. திமிர் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். இந்தக் காலத்திலும் பினாங்கில் கொம்தார் போகும் பஸ்ஸில் நான் கைப்பையிலிருந்து வாக்மேனை எடுத்து, கேசட்டைப் புரட்டிப் போட்டு, உடைந்த மூடிக்கு ரப்பர் பேண்டை மாட்டி, 'டக்' என்று பொத்தானை அமுக்கினால், பக்கத்து இருக்கைப் பெண்பிள்ளைகள் போனை விட்டுவிட்டு என்னைத்தான் பார்க்கிறார்கள். "ஆன்ட்டி, இது என்னா லா?" என்று ஒருத்தி கேட்டேவிட்டாள். "என் பாட்டு டீச்சர்," என்றேன். அவள் சிரித்தாள். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

எனக்குப் பிறவியிலேயே கட்டைக் குரல். ஜெலுத்தோங் ஃபிளாட்டில் நாங்கள் குடியிருந்த காலத்தில் நான் வாயைத் திறந்தால் போதும், என்னைவிட ஏழு வயது மூத்த சேகர் அண்ணன், "கீழ எவனோ லோரி ஸ்டார்ட் பண்றான், போய்ப் பாருங்க லா," என்பார். பள்ளிக்கூடத்தில் அதைவிட மோசம். குழுப்பாட்டுப் பயிற்சியின்போது டீச்சர் என்னைக் கடைசி வரிசைக்கு அனுப்பி, "நீ வாயை மட்டும் அசை, போதும்," என்றுவிட்டார். அசைத்தேன். அந்த ஆத்திரம் இதை எழுதும்போதும் எனக்கு வருகிறது. நாலு பேர் கேட்க, நடுவில் நின்று, ஒரு பாட்டையாவது முழுதாகப் பாடிவிட வேண்டும் என்ற வெறி எனக்கு அந்தக் கடைசி வரிசையில்தான் பிடித்தது.

அண்ணன் அப்போது பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் 'நைட் ஷிப்ட்' பார்த்துக்கொண்டிருந்தார். முதல் போனஸில் அவர் வாங்கியதுதான் அந்த வாக்மேன். எந்தக் கம்பெனிக்காரன் செய்ததோ, எங்களுக்கு எல்லாமே வாக்மேன்தான். வீட்டில் ஒருவரும் அதைத் தொடக்கூடாது. ஒருநாள் தொழிற்சாலை பஸ் 'ஹார்ன்' அடிக்க, இவர் படிக்கட்டில் தாவி இறங்க, இடுப்பில் மாட்டியிருந்த சாமான் நழுவி மாடிப்படியெல்லாம் உருண்டு கீழே போய் விழுந்தது. மூடி பெயர்ந்துவிட்டது, ரேடியோ செத்துவிட்டது, கேசட் மட்டும் ஓடியது. அடுத்த சம்பளத்தில் புதிது வாங்கியவர், "இந்தா, 'ரோசாக்' சாமான், நீயே வெச்சுக்கோ," என்று என் மடியில் போட்டார். ரோசாக்கோ கீசாக்கோ, பழுதான சாமானே ஆனாலும் எனக்கு அது லாட்டரி.

அந்த ஆண்டு நவராத்திரிக்கு எங்கள் பக்கத்து அம்மன் கோயிலில் பிள்ளைகளுக்குப் பாட்டுப் போட்டி வைத்தார்கள். கடல் தாண்டி ஊரிலிருந்து புதிதாக வந்திருந்த அம்மன் பாட்டுக் கேசட் ஒன்றில் முதல் பாட்டை எல்லாப் பிள்ளைகளும் பாட வேண்டும். வெற்றி பெறுபவர் விஜயதசமியன்று மேடையில் தனியாகப் பாடலாம். தனியாக! அன்று மாலையே பினாங்கு ஸ்ட்ரீட்டுக்கு ஓடி அந்தக் கேசட்டை வாங்கிவந்தேன். அண்ணன் பகலில் தூங்குவதால் வீட்டில் சத்தமே கூடாது. "பாட்டு கீட்டுன்னு சத்தம் வந்துச்சு, அத வீசிப்புட்டுத்தான் மறுவேலை," என்று அம்மா முன்கூட்டியே எச்சரித்திருந்தார். ஆகவே வாக்மேனைத் தூக்கிக்கொண்டு யாரும் புழங்காத பின்பக்கப் படிக்கட்டில் போய் உட்கார்ந்து பொத்தானை அமுக்கினேன்.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. கேசட்டில் இருந்த பாடகி அம்மாள் என் குரலில் பாடினார். கீச்சுக் குரல் இல்லை. அடிவயிற்றிலிருந்து கிளம்பி, ஆற அமர, ஒவ்வொரு வளைவிலும் நின்று பார்த்துவிட்டு நகரும் கனத்த குரல். உலகத்தில் இப்படி ஒரு குரலையும் கேசட்டில் போட்டு விற்கிறார்கள் என்று தெரிந்த அந்த நிமிடம் நான் அழுதுவிட்டேன். அந்த மாதம் முழுக்க அந்தப் படிக்கட்டில் அவர் ஒரு வரி பாட, நிறுத்திவிட்டு நான் ஒரு வரி பாட, அவர் எங்கே மூச்சு எடுக்கிறாரோ அங்கேதான் நானும் எடுத்தேன். ஒருநாள் குப்பை கொட்ட வந்த அம்மா கேட்டுவிட்டு, "பதறாத காரியம் சிதறாதுன்னு சும்மாவா சொன்னாங்க, இப்படியே பாடு," என்று சொல்லிவிட்டுப் போனார். அம்மா அந்தக் கேசட்டைக் கேட்டதில்லை. வாக்மேனில் ஒருவர் கேட்பது இன்னொருவருக்குக் கேட்காது என்பதை மட்டும் நீங்கள் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

போட்டியன்று என் பெயர் கடைசி. எனக்கு முன்னால் பாடிய பிள்ளைகளைக் கேட்கக் கேட்க எனக்கு ஒன்றுமே புரியவில்லை. எல்லாரும் உச்சக் குரலில், பஸ்ஸைத் தவறவிடப் போகிறவர்களைப் போலப் பறந்தார்கள். முறையாகப் பாட்டு கற்றவளும், போன ஆண்டு முதல் பரிசு வாங்கியவளுமான பிரேமா கூட அப்படித்தான் ஓடினாள். பாவம், மேடை பயம், எல்லாருக்குமா இப்படி வரும் என்று நான் மனமார இரக்கப்பட்டேன். என் முறை வந்தது. புக்கிட் மெர்தாஜாமிலிருந்து நடுவராக வந்திருந்த பாட்டு வாத்தியார், மற்றவர்களுக்குக் கொடுத்த அதே சுருதியை ஆர்மோனியத்தில் எனக்கும் கொடுத்தார். தலையை ஆட்டினேன். "கீழ வேணும் சார்." ஒரு கட்டை இறக்கினார். "இன்னும் கீழ சார்." பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்குப் பழக்கமானதுதான். கண்ணை மூடிக்கொண்டேன், படிக்கட்டில் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டேன், கேசட் அம்மாள் பாடியபடி பாடினேன். முதல் சரணத்திலேயே சிரிப்பு நின்றது. முடித்துக் கண்ணைத் திறந்தால் முன்வரிசைப் பெண்கள் கைகூப்பி உட்கார்ந்திருக்கிறார்கள்.

முதல் பரிசு எனக்குத்தான். வேறு யாருக்குக் கொடுப்பார்கள்! வாத்தியார் ஒலிபெருக்கியில் சொன்னதை இன்றும் வரி பிசகாமல் சொல்வேன்: "மத்த பிள்ளைங்க எல்லாம் கேசட்ட அப்படியே காப்பி அடிச்சிருக்காங்க. இந்தப் பாப்பா ஒண்ணுதான் காப்பி அடிக்காம, தன் குரலுக்கு ஏத்த மாதிரி இறக்கி, நிதானமா, சொந்தமாப் பாடியிருக்கு." எனக்குத் தலை சுற்றியது. அங்கே இருந்தவர்களிலேயே இம்மியும் பிசகாமல் காப்பி அடித்தவள் நான் ஒருத்திதானே! கோப்பையை வாங்கிக்கொண்டு மேடையை விட்டு இறங்கும்போது கோயில்காரர்கள் அதே கேசட்டை ஒலிபெருக்கியில் போட்டார்கள். கீச்சென்று, பறந்துகொண்டு, முன்பின் தெரியாத ஒருத்தி பாடினாள். அப்போதுதான் உறைத்தது. மாடிப்படியில் விழுந்ததில் அந்த வாக்மேன் மெதுவாக ஓடி, அவள் குரலையும் தாழ்த்திக் கனமாக்கியிருக்கிறது. அது எனக்கு மட்டுமே கேட்டதால் யாருக்கும் தெரியவில்லை. விஜயதசமியன்று மேடையின் நடுவில் தனியாக நின்று இன்னொரு முறை பாடினேன். என்னை வாயசைக்கச் சொன்ன டீச்சர் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து கேட்டார்.

கல்யாணம், பிள்ளைகள், அலுவலகம் என்று ஆனபிறகு பாட்டு வாயை விட்டுப் போனது; வாக்மேன் மட்டும் என்னை விட்டுப் போகவில்லை. பினாங்கு ஸ்ட்ரீட்டில் கேசட் வாங்கிய கடை இன்று புடவைக் கடை. தொழிற்சாலை பஸ் வந்து நின்ற இடத்தில் கார்கள் நிற்கின்றன. 'நிறுத்தி, திருப்பி' என்று விரல் தேய ஒரே வரியை நாள் முழுக்கக் கேட்கும் பிள்ளைகளும் இல்லை, 'சத்தம் வந்துச்சு' என்று அதட்டும் அம்மாவும் இல்லை. இப்படி இருக்கையில்தான் இந்த ஆண்டு நவராத்திரிக்குக் கோயில் பெண்கள் வந்து, அந்தப் பழைய பாட்டை நான்தான் பாட வேண்டும் என்றார்கள். வாயெல்லாம் பல்லாக ஒத்துக்கொண்டு, பல வருஷமாக அலமாரியில் கிடந்த வாக்மேனை எடுத்தால், அசையவில்லை. உள்ளே இருந்த பெல்ட் உருகித் தார் மாதிரி ஆகிவிட்டிருந்தது. பத்து காவானில் மகன் வீட்டில் இருக்கும் அண்ணனுக்குப் போன் போட்டேன்.

ஓய்வு பெற்றும் கை சும்மா இருக்காத மனுஷர். வாக்மேனை எடுத்துப்போய், அடுத்த ஞாயிற்றுக்கிழமை பாலம் தாண்டித் தன் 'கெரேத்தா'வை ஓட்டிக்கொண்டு வந்து இறங்கினார். "பெல்ட் புதுசு. ஸ்பீடும் ஸ்லோவா இருந்துச்சு, போன்ல 'ஆப்' வெச்சு அளந்து கரெக்ட் பண்ணிட்டேன் லா," என்று பெருமையாக நீட்டினார். அமுக்கினேன். கீச்சென்று பறந்தாள் அந்த முன்பின் தெரியாதவள். கூடப் பாடிப் பார்த்தேன், தொண்டை எட்டவில்லை. ஐம்பது தாண்டியவள் மறுபடியும் கடைசி வரிசையில் நிற்கிறேன், வாயை மட்டும் அசைத்துக்கொண்டு. "கெடுத்துட்டியே அண்ணே!" என்று கத்தியேவிட்டேன். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. இத்தனை ஆண்டுகள் சொல்லாத கதையை அன்றுதான் முழுக்கச் சொன்னேன்.

கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தார். மோட்டாரின் பின்னால் ஒரு துளைக்குள் வேகத்துக்கென்று குட்டித் திருகாணி ஒன்று இருக்கிறதாம். "கொறைக்கலாம். ஆனா எவ்ளோ கொறைக்கணும்? எனக்கு எப்படித் தெரியும்? நீ பாடிக் காட்டு." எனக்கு மட்டும் தெரியுமா என்ன? மறந்திருப்பேன் என்ற பயத்தோடுதான் வாயைத் திறந்தேன். வந்தது. அடிவயிற்றிலிருந்து, ஆற அமர, அதே இடத்தில் மூச்சு எடுத்துக்கொண்டு முதல் வரி முழுதாக வந்தது. எங்கேயும் போகவில்லை அது, எனக்குள்ளேயேதான் இருந்திருக்கிறது! பஞ்சைக் காதில் வைத்துக்கொண்டு நான் பாடப் பாட, அவர் திருகாணியை மயிரிழை மயிரிழையாகத் திருப்பினார். "இன்னும் கீழ அண்ணே... இன்னும்... போதும்!" காதில் பாடுவது யார், தொண்டையில் பாடுவது யார் என்று தெரியாத இடத்துக்கு வந்துவிட்டோம்.

"எங்க, குடு," என்று அண்ணன் பஞ்சைப் பிடுங்கித் தன் காதில் வைத்துக்கொண்டார். முகத்தைச் சுளித்தபடி முதல் சரணம் வரை கேட்டார், பிறகு கண்ணை மூடிக்கொண்டு பாட்டு முடியும்வரை கேட்டார். கழற்றியபோது காதெல்லாம் கறுப்புப் பொடி.

"ஏய் தங்கச்சி," என்றார், "இந்தம்மா உன்னையில்ல காப்பி அடிக்குது!"