வேற லென்ஸ் காட்டுங்க

என் அக்கா வீட்டுக்காரரைப் பத்திரிகைக்காரர்கள் ‘பந்துக்காரர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். கால்பந்து மைதானத்தில் யார் எடுத்த படத்தில் பந்து தப்பினாலும் இவர் படத்தில் தப்பாது. அந்தத் திமிர் மனிதருக்குக் கொஞ்சம் அதிகம். கேமரா தானாக ஃபோகஸ் செய்கிற காலத்திலும் வளையத்தைக் கையால்தான் திருகுவார். “எங்க பாக்கணும்னு மெஷின் எனக்குச் சொல்லக் கூடாது” என்பார். வெளியே வந்தாலோ பெரிய துரைதான். பஸ் வந்தால் “நம்பரைப் பாரு மாப்ளே”, ஓட்டலில் “என்ன இருக்குன்னு படி மாப்ளே.” எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இந்த சீசனில் அவர் படங்கள் மங்கலாகவே வந்தன. அடுத்த ஆட்டமும் இப்படியென்றால் வேறு ஆள் பார்த்துக்கொள்வதாகப் பத்திரிகை ஆசிரியர் சொல்லிவிட்டார். “லென்ஸுக்கு வயசாயிடுச்சு” என்று என்னையும் இழுத்துக்கொண்டு கடைக்குக் கிளம்பினார் மாமா.

புது ஜூம் லென்ஸைத் தன் கேமராவில் மாட்டி, கடை வாசலில் நின்று, தெருக்கோடி மருந்துக்கடை போர்டைக் குறிபார்த்தார். முன்னும் பின்னும் திருகினார். “இது சரியில்ல. வேற லென்ஸ் காட்டுங்க.” அடுத்தது கை நடுக்கத்தைத் தாங்குமாம். “இதுவும் சோப்புத்தண்ணி வழியா பாக்குற மாதிரி இருக்கு.” மூன்றாவதையும் கழற்றப் போனபோது கடைக்காரர் முகம் சுருங்கியது.

“இதுக்கு மேல நல்லது என்கிட்ட இல்ல சார். குடுங்க, நான் எடுத்துப் பாக்கறேன்.”

ஆட்டோஃபோகஸில் எடுத்துத் திரையில் பெரிதாக்கிக் காட்டினார். போர்டின் மூலையில் பெயின்டர் போட்ட கையெழுத்துகூடத் தெரிந்தது. நான்தான் வாய்விட்டுப் படித்தேன். மாமா திரையை மூக்குவரை கொண்டுபோனார்.

“லென்ஸ் நல்லாத்தான் இருக்கு. ஆனா கண்ணை வச்சா எனக்கு ஒண்ணும் தெரியலயே” என்ற கடைக்காரர், கண் வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் தடவினார். பார்ப்பவர் பார்வைக்குத் தக்கபடி திருப்பிக்கொள்ள அங்கே ஒரு சின்னச் சக்கரம் உண்டு. “சார், இத யாரு கடைசிவரைக்கும் திருப்பினது? இதுக்கு மேல திரும்பவே திரும்பாது!”

அந்தக் கேமராவை மாமாவைத் தவிர யாரும் தொடுவதில்லை. ஆட்டத்துக்கு ஆட்டம் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பியிருக்கிறார்.

“ஆட்டோஃபோகஸ்லயே எடுங்களேன் சார்” என்றார் கடைக்காரர்.

“பந்து எங்க இருக்குன்னு தெரிஞ்சாத்தானே கேமராவ அங்க திருப்ப?” என்றார் மாமா.

வெறுங்கையோடு பஸ் நிறுத்தத்துக்கு வந்தோம். கண் டாக்டரிடம் போகலாம் என்றேன்.

“போன வருஷமே போனேன். ஒண்ணும் பண்ண முடியாதுன்னுட்டாங்க. அக்காகிட்ட சொல்லிடாத.”

“அப்புறம் எதுக்கு மாமா லென்ஸ்?”

“கோளாறு லென்ஸ்லயே இருந்துடக் கூடாதான்னுதான்.”

பஸ் வந்தது. இந்தத் தடவை நம்பரைப் பார்க்கச் சொல்லவில்லை. சத்தம் வந்த பக்கம் கழுத்தை நீட்டியபடி நின்றார். எங்கள் பஸ்தான். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன். பஸ் போய்விட்டது.

“அது நம்ம பஸ் இல்லல்ல, மாப்ளே?” என்றார்.

“இல்ல மாமா” என்றேன்.