வெண்டைக்காய் ஒடித்த கதை

தொண்ணூறுகளின் நடுவில் நான் நியூசிலாந்தின் ஆக்லாந்தில் வந்து இறங்கியபோது, என் கணவர் எனக்கு ஆறு மாதம் முன்னாலேயே அங்கே குடியேறியிருந்தார். அந்த ஆறு மாதத்தில் முழு வெள்ளைக்காரராகிவிட்டதாக அவருக்கு ஒரு நினைப்பு. சூப்பர் மார்க்கெட்டில் ட்ராலி இடித்தால் ட்ராலியிடமே சாரி சொல்வார். வீடு பாபடோயிட்டோய் என்ற புறநகரில். பக்கத்திலேயே நம்மவர் கடைகள் இருந்தன. ஆனாலும் காய்கறி வாங்க மவுண்ட் வெல்லிங்டன் பக்கம் இருந்த பெரிய சூப்பர் மார்க்கெட்வரை காரில் போவோம். நம்மவர் கடையில் கூட்டமும் சத்தமும் அதிகமாம், அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லையாம்.

காரிலேயே பாடம் ஆரம்பித்துவிடும். "எதையும் அமுக்கிப் பாக்காத. மோந்து பாக்காத. விலையக் கொறைக்கச் சொல்லாத." கடைக்குள் நுழைந்ததும் எனக்குப் பத்தடி முன்னால் நடப்பார். கல்யாணமான புதிதில் கோயிலுக்குப் போனாலும் அப்படித்தான். அப்போது அதை வெட்கம் என்று நினைத்தேன். இங்கே எனக்கு வேறு சந்தேகம். இந்த மனுஷன் நாலு பேர் முன்னால் என்னைத் தன் பெண்டாட்டி என்று சொல்லுவாரா, மாட்டாரா? வந்த நாளிலிருந்து அது மனதை அரித்துக்கொண்டே இருந்தது.

அந்தச் சனிக்கிழமை காய்கறிப் பக்கத்தில் வெண்டைக்காயைப் பார்த்துவிட்டேன். பிஜியிலிருந்து வந்து கூடையில் குவிந்திருந்தது. வெண்டைக்காயை எப்படி வாங்குவார்கள்? நுனியை ஒடித்துத்தானே. பட்டென்று ஒடிந்தால் பிஞ்சு, வளைந்தால் முற்றல். எனக்குத் தெரிந்து உலகத்தில் வேறு வழி கிடையாது. பிஞ்சைப் பையில் போட்டேன், மூக்கு வளைந்ததை எல்லாம் திரும்பக் கூடைக்கே அனுப்பினேன்.

ஏப்ரன் போட்ட ஒரு பெண் வந்தாள். அந்த ஊரில் சிரித்துக்கொண்டேதான் திட்டுவார்கள். நுனி மடங்கிய காயை இனி யார் வாங்குவார்கள் என்று பொறுமையாகக் கேட்டாள். என் ஆங்கிலம் அந்த நேரம் பார்த்துக் காலை வாரிவிட்டது. கூட யாராவது வந்திருக்கிறார்களா என்றாள். கையை நீட்டிக் காட்டினேன். என் கணவர் சீஸ் அலமாரி முன்னால் நின்று ஒரு பாக்கெட்டை ஜாதகம் பார்ப்பது மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் அவரிடம் போய்க் கேட்டாள், இந்தப் பெண் உங்களுடன் வந்தவரா என்று. அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கூடையைப் பார்த்தார். "சாரி, நோ" என்றார். எவ்வளவு மரியாதையான ஆங்கிலம்! அழுகையை முழுங்கிக்கொண்டு நின்றேன்.

அந்தப் பெண்ணுக்கு என்மேல் இரக்கம் வந்துவிட்டது. முற்றலையும் ஒரு பையில் போட்டுக் கொடுத்து என்னைக் கவுண்டரில் கொண்டுபோய் விட்டாள். என்னிடம் ஏது காசு? பர்ஸ் அந்தத் தெரியாத மனிதரின் பாக்கெட்டில் அல்லவா இருக்கிறது. வரிசையில் எனக்குப் பின்னால் வந்து நின்ற அதே மனிதருக்கும் வேறு வழியில்லை. தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "ஐ வில் பே" என்றார்.

கவுண்டர் பெண் உருகிப்போனாள். இந்தக் காலத்தில் இப்படி ஒரு நல்ல மனிதரா என்றாள். வரிசையில் நின்ற கிழவர் ஒருவர் அவர் முதுகில் தட்டிக்கொடுத்தார். கட்டியவளைத் தெரியாது என்றவர் கூச்சமே இல்லாமல் பல்லைக் காட்டினார். நான் நன்றி சொல்லவேண்டும் என்று எல்லாரும் என்னையே பார்த்தார்கள். "தேங்க்யூ சார்" என்றேன்.

வெளியே வந்ததும் சாமான்களை டிக்கியில் வைத்துவிட்டு, பெரிய கண்டத்திலிருந்து தப்பியவர் மாதிரி பெருமூச்சு விட்டார். நான் காரின் பின்கதவைத் திறந்து பின்சீட்டில் உட்கார்ந்துகொண்டேன்.

"என்ன இது? முன்னாடி வா."

"கல்யாணமான பொம்பள நான். முன்னப்பின்ன தெரியாத ஆம்பள பக்கத்துல உட்கார மாட்டேன்."

ஜாடை காட்டினார், கெஞ்சினார். நான் அசையவில்லை. போகிறவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். கடைசியில் பொறுமை போய், அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி கத்தினார்: "ஏய், நீ என் பொண்டாட்டிடி!"

"அதத்தாங்க உள்ள அந்தப் பொண்ணு கேட்டா" என்றேன்.